லேப் பேக்கேஜிலிருந்து கோருக்கு மாற்றிய காம்போபாக்ஸில் சிலருக்கு மட்டும் தீம் பொருந்துவதில்லை

கேள்வி:

வணக்கம். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் எழுதப்பட்ட ஒரு திறமூல வலைக் கருவித்தொகுப்பைச் சிலர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். நிலைபெற்ற கம்போனன்ட்கள் (பட்டன் போன்ற திரை உறுப்புகள்) கோர் என்ற பேக்கேஜிலும், சோதனை நிலையில் உள்ளவை லேப் என்ற பேக்கேஜிலும் இருக்கின்றன. நெடுங்காலம் லேப்பிலேயே கிடந்த காம்போபாக்ஸை (தட்டச்சு செய்தோ பட்டியலிலிருந்தோ தேர்ந்தெடுக்கும் பெட்டி) 5.1 பதிப்பில் கோருக்கு மாற்றினோம். பழைய பயனர்களின் நிரல் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக லேப்பில் இருந்த கோப்பை நீக்காமல், கோரிலிருந்து காம்போபாக்ஸை எடுத்து அப்படியே ஏற்றுமதி செய்யும் ஒற்றை வரியாக அதைச் சுருக்கிவிட்டோம்.

இப்போது 5.2 பதிப்பின் பீட்டாவை முயன்று பார்ப்பவர்களில் சிலருக்கு, காம்போபாக்ஸ் மட்டும் அவர்கள் கொடுத்த தீம் அமைப்பை (நிறம் போன்ற தோற்ற விவரங்கள்) கண்டுகொள்ளாமல் இயல்புநிலை நிறத்தில் வருகிறது. அதே பக்கத்தில் இருக்கும் பட்டன்கள் ஒழுங்காக இருக்கின்றன. இறக்குமதி வரியில் லேப்புக்குப் பதிலாகக் கோர் என்று மாற்றினால் சிக்கல் மறைந்துவிடுகிறது. எங்கள் ரெப்போவில் (மூல நிரல் களஞ்சியத்தில்) எல்லா டெஸ்ட்களும் தேறுகின்றன. லேப்பின் டிபென்டென்சிஸ் (அது சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள்) பட்டியலில் கோரின் பதிப்பு ^5.1.0-பீட்டா.1 என்று குறிக்கப்பட்டுள்ளது. காரணம் என்னவாக இருக்கும்?

இதையொட்டி இன்னொரு கேள்வியும் உண்டு. லேப்பில் மீதமிருப்பவற்றில் எதை எப்போது உயர்த்துவது என்று முடிவு செய்ய, பதிவிறக்க எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளலாமா?

பதில் 1:

பாதிக்கப்பட்ட ஒருவரிடம் பேக்கேஜ்களை நிறுவும் கருவியான என்பிஎம்மின் எல்எஸ் கட்டளையைக் கோரின் பெயரோடு இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கோர் இரண்டு இடங்களில் தென்படும் என்று நினைக்கிறேன்: ஒன்று அவருடைய செயலியின் மேல்மட்டத்தில், மற்றொன்று லேப்பின் உள்ளே. ரியாக்டின் கான்டெக்ஸ்ட் (தீம் போன்ற மதிப்பை உள்ளே இருக்கும் கம்போனன்ட்களுக்குக் கடத்தும் வழி) பெயரை வைத்து அடையாளம் காணப்படுவதில்லை. அந்த ஆப்ஜெக்ட் ஒன்றே என்றால்தான் பொருந்தும். மேல்மட்டக் கோரிலிருந்து வந்த தீம் ப்ரொவைடருக்கும், உள்ளே ஒளிந்திருக்கும் கோரிலிருந்து வந்த காம்போபாக்ஸுக்கும் தொடர்பே இல்லாததால், காம்போபாக்ஸ் கான்டெக்ஸ்டின் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்கிறது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் தொல்லை.

கேட்டவர்:

அப்படியேதான் இருக்கிறது. மேல்மட்டத்தில் 5.2.0-பீட்டா.1, லேப்பின் உள்ளே 5.1.3. ஆனால் கேரட் குறி (^) 6 வரைக்கும் அனுமதிக்க வேண்டுமே, 5.2 பீட்டா அந்த வரம்புக்குள் வராதா?

பதில் 2:

வராது, பலரும் தடுக்கி விழும் இடம் இது. பீட்டா போன்ற முன்வெளியீட்டுப் பதிப்புகளுக்கு என்பிஎம் தனி விதி வைத்திருக்கிறது. வரம்பில் எழுதியுள்ள பதிப்பின் மூன்று எண்களும் முன்வெளியீட்டின் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அது ஏற்கப்படும். நீங்கள் எழுதியிருப்பது 5.1.0-பீட்டா.1, ஆகவே 5.1.0-பீட்டா.4 உள்ளே வரலாம், 5.1.3 வரலாம், நாளைக்கு நிலையான 5.2.0 வெளிவந்தால் அதுவும் வரலாம், ஆனால் 5.2.0-பீட்டா.1 வராது. வரம்புக்குப் பொருந்தும் ஒன்று வேண்டும் என்பதால் என்பிஎம் 5.1.3 பிரதியை லேப்புக்குள் சத்தமில்லாமல் நிறுவிவிடுகிறது. நிலையான பதிப்பில் இருப்பவர்களுக்குச் சிக்கல் தெரியாததற்கும் இதுவே காரணம்.

லேப்பில் கோரை டிபென்டென்சிஸிலிருந்து எடுத்துப் பியர் டிபென்டென்சிஸில் (பயனரின் செயலியோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலில்) வையுங்கள். என்பிஎம் 3 முதல் 6 வரை பியர் பொருந்தாவிட்டால் எச்சரிக்கை மட்டும் காட்டும். 2020 இல் வந்த 7 முதல், நிறுவலே பிழையோடு நிற்கும். பயனருக்கு அது எரிச்சலாக இருக்கும் என்றாலும், தீம் காணாமல் போவதை விட மேல். பீட்டா காலத்துக்கு வரம்பை ^5.1.0 || ^5.2.0-பீட்டா.0 என்று எழுதலாம். லேப் இன்னும் 0 இல் தொடங்கும் பதிப்பில் இருந்தால் இந்த மாற்றத்தை 0.8 இலிருந்து 0.9 க்கு ஏற்றி வெளியிடுங்கள். கேரட் குறி 0.8 ஐ 0.9 க்குத் தானாகத் தாவவிடாது.

உங்கள் டெஸ்ட்களைப் பற்றியும் ஒரு சொல். ரெப்போவுக்குள் லேப் நேரடியாகக் கோரின் மூல நிரலைப் படிக்கும்படி பாதை அமைத்திருப்பீர்கள். அங்கே இரண்டு பிரதிகள் உருவாக வழியே இல்லை. என்பிஎம்மின் பேக் கட்டளையால் உருவாகும் டார் கோப்பை (வெளியீட்டுத் தொகுப்பை) ரெப்போவுக்கு வெளியே ஒரு வெற்றுச் செயலியில் நிறுவிப் பார்க்கும் ஒரு டெஸ்ட்டைச் சேர்த்தால், இத்தகைய பிழை வெளியீட்டுக்கு முன்பே சிக்கும்.

பதில் 3:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பதிவிறக்க எண்ணிக்கை உதவாது, ஏனெனில் லேப்பை நிறுவுகிறவர் அதிலுள்ள எந்தக் கம்போனன்டுக்காக நிறுவினார் என்பதை அந்த எண் சொல்லாது. நான் பார்ப்பது, ஒரு கம்போனன்டின் ஏபிஐயில் (பயனரின் நிரல் அதைக் கையாளும் இடைமுகத்தில்) இன்னும் தீர்மானிக்கப்படாத கேள்வி இருக்கிறதா என்பதைத்தான்.

காம்போபாக்ஸையே எடுத்துக்கொள்வோம். அணுகல்தன்மைத் தரமான ஏரியாவின் 1.1 இல் காம்போபாக்ஸ் ரோல் (உறுப்பின் வகையைத் திரைவாசிப்பானுக்குச் சொல்லும் குறி) வெளிக் கட்டத்துக்கு உரியதாக இருந்தது. 2023 ஜூனில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரையாக வந்த 1.2 இல் அது உள்ளீட்டுப் பெட்டிக்கே உரியது. பயனர் கொடுக்கும் கூடுதல் ப்ராப்கள் (கம்போனன்டுக்குத் தரும் மதிப்புகள்) வெளிக் கட்டத்துக்குப் போகுமா, உள்ளீட்டுப் பெட்டிக்குப் போகுமா என்பதை உயர்த்துவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். பின்னால் மாற்றினால் ஒவ்வொரு பயனரின் லேபிள் இணைப்பும் உடையும். பல விசைகளை அழுத்தி ஒரு சொல்லை உருவாக்கும் எழுத்துச் சேர்க்கை முறையில் தட்டச்சு செய்பவர் சொல்லை உறுதிப்படுத்த என்டரை அழுத்தும்போது பட்டியலில் உள்ள ஏதோ ஒன்று தேர்வாகிவிடுகிறதா என்றும் பாருங்கள். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று பிரவுசர் சொல்லும் ஈஸ்கம்போசிங் மதிப்பை மட்டும் நம்பினால் சஃபாரியில் ஏமாறுவீர்கள். அங்கே அந்த நேரத்தில் அது பொய் என்றே வரும், கீகோட் (விசையின் எண்) 229 ஆக இருக்கிறதா என்றும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். பட்டியல் உருப்படிகளின் ஐடிகளுக்கு, 2022 இல் ரியாக்ட் 18 உடன் வந்த யூஸ்ஐடியைப் பயன்படுத்தினால் சர்வரிலும் பிரவுசரிலும் உருவாகும் ஐடிகள் வேறுபடா.

அதே வேளையில், சோதனை நிலையிலேயே வைத்திருப்பது பாதுகாப்பு என்றும் எண்ண வேண்டாம். வலைப்பக்கத் தோற்றத்துக்கான சிஎஸ்எஸ்ஸின் வெப்கிட் முன்னொட்டுகள் (வெப்கிட் என்ற பிரவுசர் இயந்திரத்தின் அம்சப் பெயர்களுக்கு முன் வரும் சொல்) சோதனைக்காகவே வந்தவை. உண்மையான தளங்கள் அவற்றை நம்பத் தொடங்கிய பிறகு யாராலும் அகற்ற முடியவில்லை. 2016 இல் ஃபயர்பாக்ஸ் 49 கூட அவற்றை ஏற்க வேண்டியதாயிற்று. குரோமின் பிரவுசர் இயந்திரமான பிளிங்க்கின் அணி 2013 லேயே புதிய முன்னொட்டுகளைக் கைவிட்டு, பயனர் தானே இயக்க வேண்டிய ஃபிளாக் முறைக்குப் போனதன் பின்னணி அதுதான். பெயரில் மட்டும் லேப் என்று இருந்து, எல்லாரும் பயன்படுத்தும் கம்போனன்ட் நடைமுறையில் கோர்தான்.

முழுக் கம்போனன்டும் தேறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐயமுள்ள ஒரு ப்ராப்புக்கு மட்டும், ரியாக்ட் செய்வதுபோல், அன்ஸ்டேபிள் (நிலையற்றது) என்ற முன்னொட்டு வைத்துவிட்டு மற்றதை உயர்த்தலாம்.

கேட்டவர்:

பியர் டிபென்டென்சிஸுக்கு மாற்றியதும் பீட்டா பயனரிடம் கோர் ஒரே பிரதியாகிவிட்டது, தீமும் வந்துவிட்டது. மிக்க நன்றி. லேப்பில் உள்ள அந்த ஒற்றை வரியை எதுவரை வைத்திருப்பது?

பதில் 2:

கோரின் 6.0 வரை வைத்திருங்கள். இப்போதே அதற்கு டெப்ரிகேட்டட் (இனிப் பயன்படுத்த வேண்டாம்) என்ற குறிப்பு எழுதினால் எடிட்டரில் பெயர் நடுவே கோடு கிழித்துத் தெரியும். இறக்குமதி வரியை மாற்றித் தரும் கோட்மாட் (நிரலைத் தானாகத் திருத்தும் கருவி) ஒன்றையும் கொடுங்கள். மெட்டீரியல்-யூஐ என்ற ரியாக்ட் கருவித்தொகுப்பு 2021 இல் 5 ஆம் பதிப்பில் ஆட்டோகம்ப்ளீட்டை லேப்பிலிருந்து கோருக்குக் கொண்டுவந்தபோது அப்படித்தான் செய்தது. சிஎஸ்எஸ் கிளாஸ் பெயரில் லேப் என்ற சொல் இருந்தால் அதை மாற்றுவதையும் 6.0 க்கே தள்ளிவையுங்கள், ஏனெனில் பயனர்களின் ஸ்டைல்ஷீட்டில் இருக்கும் அந்தப் பெயரைக் கோட்மாட் தொடாது.