தொடர்மாடி வீட்டில் குப்பையைக் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

மாடிவாசி (வெள்ளவத்தை) எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். அம்மாவும் மகளும் வீட்டில் உள்ளனர். வீட்டுக் குப்பையை ஒரு வாரம் நிறுத்து எழுதிவரும்படி மகளின் பாடசாலையில் சொல்லியிருந்தார்கள். ஏழு நாளில் பதினொரு கிலோ வந்தது. கடைசி நாளில் பையைக் கொட்டிப் பார்த்தபோது, தேங்காய்ப்பூச் சக்கையும் பழைய சோறும் தேயிலைச் சக்கையும் பொலித்தீன் பைகளோடு ஒட்டிப் பிசுபிசுத்துக் கிடந்தன. எதை எதிலிருந்து பிரிப்பது என்றே தெரியவில்லை. மண் என்று சொல்ல எங்களிடம் ஒரு சாண் நிலமும் இல்லை, மூன்றடி அகலப் பல்கனி மட்டுமே உண்டு. ஒரு மாதம் செய்து கைவிடாமல், வேலைக்குப் போகிற குடும்பமொன்று தொடர்ந்து கைக்கொள்ளக்கூடிய பழக்கங்கள் எவை? முதலில் எதைத் தொடங்கலாம்?

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

தம்பி, விடை உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: ஈரமும் உலர்வும் ஒன்றாகக் கிடந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றப் பழக்கங்களுக்கு முன்னால் அந்த இரண்டையும் பிரியுங்கள். நமது நகரக் குப்பையில் பாதிக்கு மேற்பட்டது சமையலறைக் கழிவுதான். அது காற்றுப் படாமல் குவியலுக்குள் அழுகும்போது மீதேன் வாயு உண்டாகிறது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், புவியைச் சூடாக்குவதில் அது காபனீரொட்சைட்டைவிடச் சுமார் 28 மடங்கு வலியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லையில் கொழும்பின் குப்பை மலை சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மலையில் என் அடுக்களையிலிருந்து போனதும் இருந்திருக்கும் என்ற எண்ணம் என்னை இன்றும் விடவில்லை. நான் தொடங்கியது அந்த ஆண்டில்தான். இன்று கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள், ஆனால் ஈரக் குப்பை எரிவதற்கு முன்னர் அதிலுள்ள நீர் ஆவியாக வேண்டும். வெப்பத்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

என் பல்கனியும் உங்களுடையதைப் போன்றதுதான். சமையலறைக் கழிவைப் பசளையாக்க, பக்கத்திலும் அடியிலும் துளையிட்ட, மூடியுள்ள வாளிகள் இரண்டை, தட்டின்மேல் செங்கல் வைத்து நிறுத்தியிருக்கிறேன். அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தென்னந்தும்பு; அதன்மேல் அன்றன்றைய மரக்கறித் தோலையும் வெங்காயச் சருகையும் தேயிலைச் சக்கையையும் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒவ்வொரு முறையும் அதைப்போல் இரண்டு பங்கு தும்புத் தூளாலோ கிழித்த பத்திரிகைத் தாளாலோ மூடிவிடுவேன். கையால் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்த துணியின் ஈரம் இருக்க வேண்டும், நீர் சொட்டக்கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள்: உலர்ந்ததைச் சேர்த்துக் கிளறுங்கள், ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒரு வாளி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு மற்றதைத் தொடங்குவேன். இரண்டு மூன்று மாதத்தில் முதல் வாளியில் கறுத்து உதிரும் சேதனப் பசளை இருக்கும், மழை பெய்த மண்ணின் மணத்தோடு. என் ரம்பையும் கறிவேப்பிலையும் அதில்தான் வளர்கின்றன. எண்ணெய்ச் சாப்பாடு, இறைச்சி, மீன் ஆகியவற்றை மட்டும் அதில் போடாதீர்கள்.

உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். ஊரில் கழுநீர் மாட்டுக்கும், மரக்கறித் தோல் ஆட்டுக்கும், மிச்சம் தென்னம்பாத்திக்கும் போன காலம் அவருக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அந்த வாளிக்குப் பொறுப்பாளர் என் மாமியார்தான்.

பழைய சோற்றைப் பற்றியும் ஒரு சொல். எதைப் போடுவது என்பதற்கு முன், எவ்வளவு சமைக்கிறோம் என்பதைப் பாருங்கள். உலகில் 2022இல் வீணான உணவில் ஏறத்தாழ 60 வீதம் வீடுகளிலிருந்து வந்தது என்று ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் கணக்கிட்டிருக்கிறது. நாங்கள் இராச் சோற்றில் அரைச் சுண்டு குறைத்தோம். ஒருவரும் பசியோடு எழும்பவில்லை.

புறக்கோட்டைக் கணக்காளர் எழுதியது:

அக்கா சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். நான் மதியச் சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஒரு சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பாருங்கள்: சோற்றுக்கு ஒரு லஞ்ச் ஷீட், சொதிக்கு ஒரு சிறு பை, எல்லாவற்றையும் தூக்கிவர ஒரு சொப்பிங் பை. வேலைநாள் ஐந்துக்கும் பதினைந்து தாள்களும் பைகளும், அவை பயன்பட்டது அரை மணி நேரம். உக்காத லஞ்ச் ஷீட்டுக்கு 2017 செப்டெம்பரிலும், ஒருமுறை பாவிக்கும் உறிஞ்சுகுழல், கரண்டி, தட்டு போன்றவற்றுக்கு 2023 ஒக்டோபரிலும் தடை வந்தது. 2025 நவம்பரிலிருந்து கடைகள் பொலித்தீன் பைக்கு விலை அறவிட வேண்டும் என்றும் ஆகிவிட்டது. ஆனாலும் நாம் வெறுங்கையோடு போய் நின்றால் கடைக்காரர் எதில்தான் கட்டித் தருவார்? நான் இரண்டு தட்டு எவர்சில்வர் பெட்டியொன்றைக் கொண்டுபோகிறேன். முதல் வாரம் பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்தார்கள். இப்போது என்னைக் கண்டதும் கடைத் தம்பி கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். சொதி மேல்தட்டில் என்பதும் அவருக்குத் தெரியும். சந்தைக்குப் பன்பை, மீனுக்கு மூடியுள்ள ஒரு டப்பா. கழுவிய பையைக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவையுங்கள், மறக்காது.

தெகிவளைத் தம்பி எழுதியது:

மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை ஆறரை தொடக்கம் இரவு பத்தரை வரை நாட்டின் மின்தேவை உச்சத்தில் இருக்கும். அதை ஈடுசெய்ய எண்ணெயில் இயங்கும் நிலையங்களையும் ஓட்ட வேண்டியிருக்கிறது. 2022இல் எரிபொருள் இல்லாமல் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தோமே, அதற்குப் பிறகு துணி அழுத்துவதையும் சலவை இயந்திரத்தையும் ஞாயிறு காலைக்கு மாற்றிவிட்டோம். பருப்பையும் கடலையையும் ஊறவைத்துச் சமைத்தால் காஸ் மிஞ்சும். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸும் கரையோர ரயிலும் இருக்கும்போது, ஒருவர் தனியாகக் காரில் கோட்டைக்குப் போக வேண்டிய தேவை குறைவு.

மாடிவாசி (வெள்ளவத்தை) எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தும்பை எங்கே வாங்கலாம் என்று உடனே கேட்டார். இரண்டு ஐயங்கள்: நாங்கள் வாரத்தில் மூன்று நாள் மீன் எடுப்பவர்கள், செதிலையும் குடலையும் என்ன செய்வது? நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும், கீழே காவலாளி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுவிட்டால்?

கொட்டாஞ்சேனை அக்கா எழுதியது:

மீன் கழிவை ஒரு பழைய டப்பாவில் போட்டு மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் வையுங்கள். குப்பை லொறி வரும் காலையில் எடுத்து, உக்கும் குப்பையோடு கொடுங்கள்; நாற்றமும் இல்லை, பூனையும் கிளறாது. காவலாளியிடம் குறை சொல்லிப் போகாதீர்கள். எங்கள் மாடியில் மூன்று வீட்டார் சேர்ந்து இரண்டாவது தொட்டியொன்றை வாங்கி வைத்தோம், உலர்ந்த போத்தலையும் அட்டையையும் விற்று வரும் பணம் அவருக்கே என்றும் பேசிக்கொண்டோம். இப்போது யாராவது ஈரப் பையை மாற்றிப் போட்டால், அவரே மாடியேறி வந்து கதவைத் தட்டுகிறார். தும்புத் தூள் செடி விற்கும் கடைகளில் கட்டியாகக் கிடைக்கும்; வாளியில் போட முன்னர் நீரில் ஊறவைத்துப் பிழிந்து, ஒரு நாள் வெயிலில் காயவிடச் சொல்லுங்கள் அம்மாவிடம்.