புதுப்பிப்பு: பிடிடி (பேசுவதற்கான பொத்தான்) அழுத்தினால் அணைந்த ரேடியோ சரியானது

புயல் நேர அவசரத் தொடர்புக்கான 50 வாட் விஎச்எஃப் (மிக உயர் அலைவரிசை) ரேடியோ செட், பேட்டரியில் ஓடும்போது பிடிடி அழுத்தியதும் அணைகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பேசும்போதே செட்டின் முனையில் வோல்ட் அளந்து பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 11 ஆம்பியர் இழுக்கும்போது பேட்டரியில் 12.4 வோல்ட், செட்டில் வெறும் 10.6. வயர் 1.5 சதுர மி.மீ., 5 மீட்டர் நீளம். போக வர 10 மீட்டர். அதிலேயே 1.3 வோல்ட் போய்விடுகிறது. 6 சதுர மி.மீ. போட்டதும் இழப்பு 0.3 ஆனது.

எதிர்பாராதது: மீதி அரை வோல்ட்டைத் தின்றது பச்சை பூத்த ஃபியூஸ் ஹோல்டர். அதையும் மாற்றியாயிற்று. குறைந்த பவரில் அணையாததால்தான் ஆன்டெனா அலை செட்டுக்குள் திரும்பி வருகிறதோ என்று சந்தேகப்பட்டு ஃபெரைட் (அதைத் தடுக்க வயரில் மாட்டும் காந்தப்பொருள் வளையம்) மாட்டினேன், அது வீண்வேலை.