ஒரே ஒரு ராத்திரி மான் வேட்டை, அதில் இத்தனை சொதப்பல். எங்கே தவறினோம்?

நனைந்தசாக்ஸ் எழுதியது:

வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரக் கடைசியில் நான், மாமனார், மச்சான், என் 14 வயது மகள் என நாலு பேர் மான் வேட்டைக்குப் போனோம். சனிக்கிழமை மதியம் கிளம்பி ஞாயிறு மதியம் வீடு திரும்புவதாகத் திட்டம். லைசென்ஸ், டேக் (சுடும் மானுக்கான அனுமதிச் சீட்டு) எல்லாம் சரியாக இருந்தது, சீசனும் திறந்திருந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. "ஒரு ராத்திரிதானே" என்று மற்ற எல்லாவற்றிலும் கோட்டை விட்டோம்.

இருட்ட இருபது நிமிஷம் இருக்கும்போது 90 மீட்டர் தூரத்தில் ஓர் ஆண் மான் பக்கவாட்டில் வந்து நின்றது. மச்சான் சுட்டான். மான் துள்ளவில்லை. முதுகை வளைத்துக் கூனின மாதிரி ஒரு கணம் நின்றது, வால் தொங்கியபடி மெதுவாகப் புதருக்குள் போய்விட்டது. பட்டதா இல்லையா என்ற பதற்றத்தில் ஐந்து நிமிஷம்கூடப் பொறுக்காமல் மூன்று பேரும் பின்னாலேயே போனோம் (மாமனாருக்கு முழங்கால் வலி, அவர் வண்டியிலேயே இருந்துவிட்டார்). இரத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. ஒரு அறுபது மீட்டர் போயிருப்போம், முன்னால் சடசடவென்று ஏதோ எழுந்து ஓடுகிற சத்தம். அதற்கப்புறமும் விடாமல் போனதுதான் எங்கள் புத்தி.

தூறல் ஆரம்பித்தது. தலையில் மாட்டும் டார்ச்சை எடுத்தால் அது எரியவில்லை. பைக்குள் எதிலோ பட்டன் அழுந்தி மதியத்திலிருந்தே எரிந்துகொண்டிருந்திருக்கிறது, மாற்று பேட்டரி வண்டியில். மச்சான் டார்ச்சே கொண்டுவரவில்லை. போன் வெளிச்சத்தில் நடந்ததில் இரண்டு போனும் தீர்ந்துபோயின. ஓடை ஒன்றைத் தாண்டும்போது மகள் முழங்கால்வரை நனைந்துவிட்டாள், போட்டிருந்தது ஜீன்ஸ். கடைசியில் மாமனார் விட்டுவிட்டு அடித்த ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் முக்கால் மணி நேரம் தட்டுத்தடுமாறி வண்டிக்கு வந்து சேர்ந்தோம். அதற்குள் அவள் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள், கேட்டால் வார்த்தை குழறியது.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மானைக் கண்டுபிடித்தோம், சுட்ட இடத்திலிருந்து கிட்டத்தட்ட 400 மீட்டரில். வயிறு உப்பியிருந்தது. இரவு வெப்பம் 7 டிகிரி அளவில்தான் இருந்தது, இருந்தும் திறந்ததும் வாடை. பின்னங்கால் இரண்டும் முதுகுக்கறியும் மட்டும் தேறின. வீணாகப் போனது இன்னும் மனசில் உறுத்துகிறது.

கேட்க வந்தது இரண்டுதான். எவ்வளவு நேரம் காத்திருந்திருக்க வேண்டும்? ஒரு ராத்திரிப் பயணத்துக்கு, வீட்டையே தூக்கிக்கொண்டு போகாமல், பையில் என்னவெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும்?

காற்றெதிர் எழுதியது:

முதுகை வளைத்து மெதுவாகப் போனது என்று எழுதியதுமே புரிந்துவிட்டது, அது குடலில் பட்ட மான். இதயத்திலோ நுரையீரலிலோ பட்டால் பெரும்பாலும் பின்னங்காலை உதைத்துத் துள்ளி, தலைதெறிக்க ஓடும், கொஞ்ச தூரத்திலேயே விழுந்துவிடும். சுட்டதும் மான் என்ன செய்தது என்பதைப் பார்த்து வைத்துக்கொள்வதுதான் தேடலில் பாதி வேலை, அதை நீங்கள் நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள், ஆனால் பார்த்ததை வைத்து முடிவெடுக்கவில்லை.

அடுத்தது, சுட்டபோது மான் நின்ற இடத்தில் என்ன கிடக்கிறது என்பது. இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் என்றால் நுரையீரல், அரை மணி நேரம் பொறுத்துப் போனால் போதும். கருஞ்சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் அநேகமாக ஈரல், மூன்று நான்கு மணி நேரமாவது விட வேண்டும். தண்ணீர் மாதிரி நீர்த்து, பச்சையோ பழுப்போ கலந்து, மென்ற புல் துணுக்கும் நாற்றமும் இருந்தால் குடல். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது. அடிபட்ட மான் தன்னை யாரும் துரத்தவில்லை என்றால் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும், பெரும்பாலும் அங்கேயே உயிர் விடும். நீங்கள் அறுபது மீட்டரில் கேட்ட சடசடப்பு அது முதல் முறை படுத்து எழுந்ததுதான். அப்போதே வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பியிருந்தால் காலையில் அங்கேயே கிடந்திருக்கும்.

இன்னொன்று, கடைசி இரத்தத்துளி இருந்த இடத்தில் ஏதாவது கட்டி வையுங்கள். பளிச்சென்ற நாடா இருந்தால் நல்லது, இல்லையென்றால் டிஷ்யூ பேப்பர் போதும். திரும்பிப் பார்த்தால் அந்த அடையாளங்களின் வரிசையே மான் போகும் திசையைக் காட்டிவிடும்.

ஐஸ்பெட்டி எழுதியது:

காற்றெதிர் அண்ணா சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. எட்டு மணி நேரம் என்பது உறையும் குளிருக்குச் சரி. இறைச்சி 4 டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கெடுவது மட்டுப்படும். இவர்களுக்கு இரவு 7 டிகிரி, மானுக்குள்ளே உடம்புச்சூடு, மேலே தோலும் ரோமமும் போர்வை மாதிரி, குடல் வேறு கிழிந்திருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு நான்கு நல்ல டார்ச்சோடு, முதல் சடசடப்பு கேட்ட இடம்வரை மெதுவாகப் போய்ப் பார்த்திருப்பேன். ஆனால் அதற்கு எரிகிற டார்ச் வேண்டும், காய்ந்த உடுப்பு வேண்டும், வழி தெரிய வேண்டும். உங்களிடம் மூன்றும் இல்லை, அதனால் அன்றைக்கு உங்களுக்குக் காலைவரை விடுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மான் கிடைத்ததும் முதல் வேலை குடலை எடுப்பது, படம் எடுப்பது அப்புறம். கத்தியின் வெட்டுப்பக்கம் மேலே பார்க்க, இரண்டு விரலால் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திறந்தால் குடல் மேலும் கிழியாது. மார்புக்கூட்டுக்குள் ஒரு குச்சியை நிறுத்தி விரித்து வையுங்கள், காற்று போகட்டும். குடல்நீர் பட்ட சதையைக் கழுவிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தாராளமாக வெட்டி எறியுங்கள். ஐஸ் பெட்டியும் ஐஸும் வண்டியில் இருந்தனவா என்று நீங்கள் சொல்லவே இல்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன் :)

கம்பளித்தொப்பி எழுதியது:

எல்லோரும் மானைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்தப் பதிவில் தூக்கிவாரிப்போட்டது "வார்த்தை குழறியது" என்ற இடம்தான். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனாலே அது ஹைப்போதெர்மியா, அதற்குப் பனி பெய்ய வேண்டும் என்றில்லை, 7 டிகிரியும் ஈரமும் காற்றும் தாராளமாகப் போதும். நடுங்கும்வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். உடம்பு சூடாகாமலேயே நடுக்கம் நின்று, ஆள் மந்தமாகி, காலைத் தடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் நிலைமை கைமீறுகிறது, உடனே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். ஈரத்துணியைக் கழற்றிக் காய்ந்ததைப் போட்டு, போர்வை சுற்றி, சூட்டை மார்புப் பக்கம் கொடுங்கள், கைகாலைப் பரபரவென்று தேய்க்காதீர்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடுக்கலாம். சாராயம் எதுவும் கூடாது.

ஜீன்ஸ் பருத்திதானே, நனைந்தால் உடம்புச்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், லேசில் காயாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும்.

பைக்கு வருவோம். என்னுடையது மூன்று கிலோகூட இல்லை. டார்ச் இரண்டு, தண்ணீர் புகாத உறையில் மாற்று பேட்டரி. லித்தியம் பேட்டரி வாங்குங்கள், சாதா அல்கலைன் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். டார்ச்சைப் பையில் வைக்கும்போது ஒரு பேட்டரியை மட்டும் திருப்பிப் போட்டு வையுங்கள், பட்டன் அழுந்தினாலும் எரியாது. காய்ந்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, மழைக்கோட்டு, வெள்ளித்தாள் மாதிரி மடிகிற அவசரப் போர்வை, லைட்டர், விசில் (மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று அர்த்தம்), திசைகாட்டி, இரத்தம் நிற்க இறுக்கிக் கட்டும் டூர்னிக்கே. கடைசி சாமானைப் பார்த்து நிறையப் பேர் சிரிப்பார்கள், இருட்டில் குளிர்ந்த கையோடு கத்தி பிடித்து மான் அறுத்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். போனில் அந்தப் பகுதியின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி, வண்டி நிற்கும் இடத்தைக் குறித்துவிட்டு, ஏரோப்ளேன் மோடில் போட்டு உள்பாக்கெட்டில் வையுங்கள்.

ஒன்று கேட்கட்டுமா, இருட்டில் ஓடை தாண்டியபோது மச்சான் துப்பாக்கியில் தோட்டா இருந்ததா?

நனைந்தசாக்ஸ் எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தது. மச்சானைக் கேட்டேன், துப்பாக்கி வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டி போட்டிருந்ததாகச் சொல்கிறான், தோட்டாவை எடுத்துவிட்டுத்தான் தாண்டியிருக்க வேண்டும் என்று அவனே ஒத்துக்கொண்டான். மகள் நடுவில் நடந்து வந்தாள் என்பதை இப்போது நினைத்தால் எனக்குத்தான் நடுங்குகிறது.

ஐஸ் பெட்டி இருந்தது சார், ஐஸ் இல்லை. வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்து மறந்துவிட்டோம்.

காலையில் சுட்ட இடத்துக்குத் திரும்பப் போனபோது இலைகளில் பழுப்பாக ஏதோ இருந்தது, மழையில் கரைந்த மண் என்று விட்டுவிட்டேன். மகள்தான் குனிந்து மோந்து பார்த்து, "அப்பா, இது மண்ணு இல்ல" என்றாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவள் இப்போது தன் பையைத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறாள், அதில் என் டார்ச்சும் போய்விட்டது.

ஒரு சின்ன சந்தேகம். செம்பழுப்புப் புள்ளி உள்ள இலை எது, இரத்தம் எது என்று டார்ச் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரியவில்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

காற்றெதிர் எழுதியது:

ஹைட்ரஜன் பெராக்சைடு, மருந்துக்கடையில் கிடைக்கிற 3 சதவீதமே போதும். சின்ன ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிச் சந்தேகப்படும் புள்ளியில் அடியுங்கள், இரத்தம் என்றால் வெள்ளையாக நுரைக்கும், இலைப்புள்ளி அப்படியே இருக்கும். வெளிச்சம் பட்டால் வீரியம் போய்விடும், அதனால் கண்ணாடி மாதிரி தெரிகிற பாட்டில் வேண்டாம். போன வருஷத்து மிச்சத்தையும் நம்பாதீர்கள், கிளம்பும் முன் ஒரு துளி இரத்தத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.