தலைக்குள்ளே கடைசி வயல் வாய்க்கால்: எம்.ஆர்.ஐ. எடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

படுவான்கரைப் பிள்ளை:

அப்பா 30 வருசம் வயலுக்குத் தண்ணி பங்கிடும் வட்டைவிதானையாக இருந்தவர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி எந்த வாய்க்காலுக்கு எப்ப வரும், யாருடைய வயலில் வக்கடை அடைபட்டிருக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். அந்த மனிசனுக்குப் போன வருசம் பெயர்கள் அயத்துப்போகத் தொடங்கின. நடை சின்னச் சின்ன அடியாகி நிலத்தை உரசியது. ரெண்டு தரம் வலக்கை அரை மணித்தியாலம் விறைத்துப்போய்த் திரும்பி வந்தது. சீனி வருத்தம் இல்லை. பிரஷர் பத்து வருசமாக இருக்கு, குளிசையை நினைத்த நேரம்தான் போடுவார். சிடி ஸ்கானில் 'வயதுக்கேற்ற மாற்றம்' என்று மட்டும் எழுதி வந்தது.

மறுகா எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். முதல் தரம் எடுத்த இடத்தில் அப்பாவோடு ஒருவரும் ஒரு சொல் பறையவில்லை. உள்ளே படுத்திருந்தவருக்கு அந்த இடிச் சத்தம் தன்னைக் கூப்பிடுவதுபோல் பட்டிருக்கிறது. ஒவ்வொரு தரமும் தலையைக் கிறுக்கிப் பார்த்திருக்கிறார். 'அசைவினால் படங்கள் தெளிவில்லை' என்று அறிக்கை வந்தது. காசும் போய், ஒரு மாதமும் போனது. அதை நினைத்தால் எனக்கு இப்பவும் மனம் ஆறவில்லை.

ரெண்டாம் தரம் வேறொரு இடம். அங்கிருந்த தம்பி முதலில் அப்பாவின் தொழிலைக் கேட்டார்.

"ஐயா, பெரிய வாய்க்காலில தண்ணி ஓடுறது தூரத்திலயே தெரியும். கடைசி வயல் வக்கடையில கசியிறத எப்படிப் பார்ப்பீங்க?"

"குந்தியிருந்து, அசையாமப் பார்க்கணும்."

"உங்கட தலைக்குள்ள அந்தக் கடைசி வாய்க்காலத்தான் ஐயா நான் பார்க்கப்போறன்."

ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் ஒலிபெருக்கியில், இப்ப இத்தனை நிமிசச் சத்தம், முடிந்தால் எச்சிலும் விழுங்க வேணாம் என்று சொன்னார். தலையின் இரண்டு பக்கமும் பஞ்சணை வைத்து இறுக்கினார். இந்த முறை படம் கண்ணாடிபோல வந்தது. மூளையின் ஆழத்தில், தலாமஸ் பக்கம், கறுப்புப் புள்ளிகள். சின்னக் குழாய்கள் எப்பவோ கசிந்த அடையாளம் அது. ஆழத்தில் இருப்பவை பெரும்பாலும் பிரஷரின் வேலை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். பிரஷர் மருந்தை மாற்றினார். இரத்தத்தை இளக்கும் குளிசை கொடுப்பதா என்பதையும் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் யோசித்தார்.

உங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி எடுத்திருந்தால் எழுதுங்கள்.

வாவிக்கரையான்:

நான் 14 வருசமாக ரேடியோகிராபர் வேலையில் இருக்கிறேன். அந்தத் தம்பி சொன்னது உண்மைக்கு மிகக் கிட்ட.

சாயம் ஏற்றாமல் நாடிகளை எடுக்கும் முறைக்கு டைம் ஒஃப் ஃப்ளைட் என்று பெயர். அசையாமல் இருக்கும் மூளை இழையத்தின்மேல் ரேடியோ அலையை விடாமல் அடித்துக்கொண்டிருப்போம். அடி வாங்கி வாங்கி அதன் சமிக்ஞை மங்கிவிடும். கழுத்துப் பக்கமிருந்து புதிதாக ஏறிவரும் இரத்தம் அடி வாங்காதது. அதனால் அது வெள்ளையாகப் பளிச்சிடும். பெரிய நாடியில் இரத்தம் பாய்ந்து கடந்துவிடும். ஆழத்துக்குப் போகும் லெண்டிகுலோஸ்ரையேற் நாடிகளோ 0.3 முதல் 0.7 மில்லிமீற்றர் அகலம்தான். அங்கே இரத்தம் ஆறுதலாக நகரும். போய்ச் சேருமுன் அதுவும் அடிவாங்கி மங்கிவிடும். குழாய் தலைக்குள் இருக்கும், படத்தில் இருக்காது. 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப் பலத்தின் அளவு) இயந்திரத்தில் அவற்றைக் காணாவிட்டால் அடைபட்டுவிட்டன என்று பயப்படாதீர்கள்.

தலையை ஒரே கட்டியாக எடுக்காமல், ஒன்றன்மேல் ஒன்று ஒள்ளுப்பம் ஏறிய மெல்லிய அடுக்குகளாக எடுத்தால் இந்த மங்கல் குறையும். 3 டெஸ்லாவில் இழையம் பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் நேரம் எடுப்பதால் பின்னணி நன்றாக இருண்டு, குழாய் எடுப்பாகத் தெரியும்.

ஐயாவின் கறுப்புப் புள்ளிகளைக் காட்டியது வேறொரு படம்: காந்தக் குண வித்தியாசத்தைப் பிடிக்கும் எஸ்.டபிள்யூ.ஐ. ஒட்சிசனை இழந்த இரத்தத்துக்குக் காந்தக் குணம் மாறும் என்பதை இரசாயன விஞ்ஞானிகள் லைனஸ் போலிங்கும் சார்ள்ஸ் கொரியலும் 1936 இல் காட்டினார்கள். அந்தக் குணத்தை வைத்தே, சாயமில்லாமல், மூளையின் சின்ன நாளங்களை எம்.ஆர்.ஐ. ஆய்வாளர் மார்க் ஹாக் இருந்த குழு 1997 இல் படமாக்கி வெளியிட்டது. பழைய கசிவில் தங்கும் இரும்பும் அதில் கறுப்பாக விழும், உண்மை அளவைவிடப் பெரிதாகவே தெரியும். சுண்ணாம்புப் படிவும் கறுப்புத்தான், ஆனால் கூடவே வரும் ஃபேஸ் படத்தில் ஒன்று கறுப்பும் மற்றது வெளுப்புமாக எதிரெதிராகத் தெரியும்.

டொக்டர் தரும் துண்டில் 'எம்.ஆர்.ஐ. மூளை' என்று மட்டும் எழுதியிருந்தால், வரிசை நீண்ட நாளில் இந்தப் படம் விடுபடக்கூடும். பிரஷர்காரர், மறதிக்காரர் என்றால், சின்னக் கசிவு பார்க்கும் படமும் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபிக்கமாட்டோம்.

அக்கரைப்பற்று மகள்:

எங்கட உம்மாவுக்குக் கிட்னி பலவீனம். ஸ்கானுக்குச் சாயம் ஏற்றினால் கிட்னி போய்விடும் என்று வாப்பா போகவே விடவில்லை. மேலே சொன்ன ரெண்டு படத்துக்கும் சாயம் தேவையில்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். உம்மா உள்ளே பயத்தில் ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தா. வாய் அசையத் தலையும் அசைந்து முதல் படம் கலங்கியது. மிஸ் வந்து கையைப் பிடித்து, "மனசுக்குள்ள ஓதுங்க உம்மா, அல்லாஹ்வுக்குக் கேக்கும்" என்று சொன்னா. மற்றதெல்லாம் சுத்தமாக வந்தது. அந்த மிஸ்ஸுக்கு இப்பவும் துஆ செய்கிறோம்.

கல்லடியிலிருந்து போனவன்:

நான் ஜெர்மனியில் படித்த காலத்தில் ஒரு 7 டெஸ்லா ஆய்வுக்குத் தன்னார்வலனாகப் படுத்தேன். மேசை உள்ளே போகும்போது தலை சுற்றியது, வாயில் இரும்புக் கைப்பு. அவ்வளவு பெரிய காந்தத்துக்கும் பெரிய தலைவலி அசைவுதான் என்று அன்று விளங்கியது. மூச்சு விட்டாலே தலை மில்லிமீற்றரின் சிறு பங்கு நகரும், பார்க்க வேண்டிய குழாயும் அவ்வளவு மெல்லியதுதான். அதனால் தலையோடு நகரும் ஒரு குறியைக் கமரா பார்த்துக்கொண்டிருக்க, இயந்திரம் படமெடுக்கும் இடத்தை உடனுக்குடன் திருத்திக்கொண்டே போகும். அங்கே மக்டபேர்க் நகரத்து ஆய்வாளர்கள் இப்படித்தான் 7 டெஸ்லாவில் 0.15 மில்லிமீற்றர் நுணுக்கத்தில் நாடிகளை எடுத்து 2018 இல் வெளியிட்டார்கள். பிரான்சில் 11.7 டெஸ்லா இயந்திரம் 2024 இல் மனித மூளைப் படங்களைத் தந்திருக்கிறது. அதெல்லாம் நமக்குக் கிடைக்க எவ்வளவு காலமோ. ஆனால் நம்மூர் இயந்திரத்திலும் ஆள் அசையாமல் கிடந்தால் எவ்வளவு கூடுதலாகத் தெரியும் என்பதை விதானை ஐயாவின் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தாலே காணலாம். முதல் ஸ்கானின் சீடித் தட்டையும் எறிந்துவிடாதீர்கள்.

படுவான்கரைப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. ரெண்டு தட்டையும் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்துவிட்டேன். புள்ளிகள் கூடுதா என்று பார்க்க அடுத்த வருசம் அதே இடத்தில், அதே முறையில் எடுக்க வேண்டுமாம். குளிசையை இப்ப நானே கையில் கொடுக்கிறேன். அப்பா பின்னேரத்தில் திண்ணையில் பாய் விரித்து, தலைக்கு இரண்டு பக்கமும் துவாயைச் சுருட்டி வைத்துப் படுக்கிறார். "புள்ள, நேரத்தப் பார்" என்கிறார். நேற்று ஆறு நிமிசம் அசையாமல் கிடந்தார்.