படங்களை அடுக்கவும் திருத்தவும் எந்த மென்பொருள்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அரசலாற்றங்கரை

என்னை மாட்டிவிட்டது மகாமகப் படங்கள்தான். 2016 பிப்ரவரி 22, தீர்த்தவாரி அன்று குளத்தில் குளித்து ஏறிய குடும்பங்களை எடுத்துக்கொண்டே இருந்தேன். பெயரையும் ஊரையும் சீட்டில் குறித்து வந்து, ராத்திரி பிக்காசா என்ற கூகுளின் இலவச மென்பொருளில் ஒவ்வொரு முகத்துக்கும் கீழே தட்டி வைப்பது என் வழக்கம். (பிக்காசாவை மார்ச் 15-ஓடு நிறுத்தப்போவதாகக் கூகுள் அறிவித்ததே தீர்த்தவாரிக்குப் பத்து நாள் முன்புதான். குளத்தங்கரையில் நிற்பவன் காதில் அதெல்லாம் எங்கே விழும்?)

போன மாதம் வலங்கைமான் பக்கத்திலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். அப்பா தவறிவிட்டார், காரியத்துக்குப் படம் வேண்டும், அவர் சிரித்தபடி இருக்கும் படம் மகாமகத்தில் நீங்கள் எடுத்தது மட்டும்தான் என்றார். இப்போது கணினி புதிது, லைட்ரூம் என்ற காசு மென்பொருளுக்கு மாறியாயிற்று. படங்கள் எல்லாம் இருக்கின்றன. பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்பா பேரைக் கேட்டு எழுதிக்கிட்டீங்களே, நான் பக்கத்துலதானே நின்னேன்” என்றார். இன்னும் உறுத்துவது அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் போன பிறகு குடைந்தேன். பிக்காசாவில் முகப் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதச் சொல்லி நாமாக டிக் செய்திருந்தால்தான் எழுதும். இல்லாவிட்டால் அந்தந்த ஃபோல்டரில் மறைவாகக் கிடக்கும் பிக்காசா.ஐஎன்ஐ என்ற சின்னக் கோப்பில் போட்டுவிடும். மற்ற மென்பொருள்கள் அந்தக் கோப்பைச் சட்டை செய்வதில்லை. மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, நோட்பேடில் திறந்தேன். ஓரிடத்தில் பெயரும் அதற்கு ஒரு நீளக் குறியீடும், இன்னோரிடத்தில் எந்தப் படத்தில் அந்தக் குறியீடு என்ற பட்டியலும் இருந்தன. பெயரைத் தேடிக் குறியீட்டைப் பிடித்து, குறியீட்டைத் தேடிப் படத்தைப் பிடித்தேன். அத்தனை காசு கொடுத்த மென்பொருள் சும்மா இருக்க, வேலை பார்த்தது நோட்பேடு.

படம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் மற்ற குடும்பங்களின் பெயர்கள் இன்னும் அந்த ஐஎன்ஐக்குள்தான் கிடக்கின்றன. இதேபோல் மாட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

வெண்ணாறு

அண்ணே, நீங்கள் இலவசத்தில் மாட்டினீர்கள், நான் காசு கொடுத்து மாட்டினேன். மாதச் சந்தா மென்பொருள். எது என்று சொல்ல விரும்பவில்லை. கார்டிலிருந்து தானாகப் பணம் போகும் விதி 2021 அக்டோபரில் மாறியதே, அந்தச் சமயம். பணம் போகவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மன்னார்குடியில் ஒரு கல்யாணம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கப் பெண் வீட்டார் வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள். திறந்தால் படங்கள் வருகின்றன, திருத்தும் பகுதி மட்டும் மங்கிப்போய்க் கிடக்கிறது. எல்லாம் எல்இடி வெளிச்சத்தில் எடுத்தவை, நிறம் இன்னும் சரிசெய்யவில்லை. பெண்ணின் பாட்டி கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நலங்கு வச்சது நம்ம பொண்ணுக்குத்தானே, மாப்பிள்ளை ஏன் மஞ்சளா இருக்கார்?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வொயிட் பேலன்ஸ் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அந்த ஒரு இழுப்புக்குத்தான் வழியில்லை.

“ஒரே தடவை காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்” என்று யாராவது சொல்ல வருவீர்கள். லைட்ரூமில் அப்படி விற்ற கடைசிப் பதிப்பு 2015-இல் வந்த 6. அது 2017-க்குப் பிறகு வந்த கேமராக்களின் ரா கோப்பை, அதாவது கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் மூலப் படத்தை, திறக்காது. ஒவ்வொன்றையும் டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றித்தான் உள்ளே விட வேண்டும். கல்யாண சீசனில் அதற்கு யாருக்கு நேரம்?

பேராவூரணித் தென்னை

பெயர் வரவில்லை, நிறம் வரவில்லை என்கிறீர்கள். எனக்குத் தேதி வரவில்லை.

கஜா புயல். 2018 நவம்பர் 16. எங்கள் பக்கம் தென்னை என்ன ஆனது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வழி வேண்டுமே என்று விழுந்த மரங்களில் பாதியை அறுத்து ஓரம் கட்டிவிட்டோம். அறுப்பதற்கு முன் தம்பி தன் போனில் எல்லாவற்றையும் படம் எடுத்தான். கரண்ட் வந்து, சிக்னல் வந்து, வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும்போது நாள் ஓடிவிட்டது.

சேதக் கணக்கெடுக்க வந்தவரிடம் என் போனை நீட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, படத்தின் விவரத்தைத் தட்டிப் பார்த்தார். “டிசம்பர்னு காட்டுதேங்க. இது உங்க தோப்புதான்னு எப்படி எடுத்துக்கிறது?” அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் எடுத்த நேரமும் இடமும் ஒட்டியிருக்காது, கழன்றுவிடும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. தம்பி போனில் இருந்த அசல் படத்தில் நேரம், இடம் இரண்டும் இருந்தன. வரவழைத்துக் காட்டிய பிறகுதான் எழுதினார்.

மென்பொருளை அப்புறம் தேர்ந்தெடுங்கள். முதலில் அசல் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.

கல்லணைக் கால்வாய்

நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், ஒரத்தநாடு. என் கதை சின்னது. வெளிநாட்டில் இருக்கும் மகன் லைட்ரூம் போட்டுக் கொடுத்து, வாரா வாரம் பேக்கப் கேட்கும், சரி என்று அழுத்துங்கள் என்றான். அழுத்தினேன். ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. பேக்கப்பைத் திறந்தால் கேட்டலாக் என்ற பட்டியல் இருக்கிறது, படம் ஒன்றுகூட இல்லை. அந்த பேக்கப் கேட்டலாகுக்கு மட்டும்தானாம். தலைப்பு மட்டும் இருக்கும் காலி லெட்ஜர் மாதிரி இருந்தது.

இனி நான் சொல்வதை யாரும் கேட்கவில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

அரசலாற்றங்கரை தம்பி, உங்கள் கேள்வியே வேறாக இருக்க வேண்டும். எது நல்ல மென்பொருள் என்று கேட்காதீர்கள். நான் தட்டுகிற பெயர், தேதி, குறிச்சொல் எல்லாம் எங்கே போய் உட்காருகிறது என்று கேளுங்கள். லைட்ரூம் எல்லாவற்றையும் தன் கேட்டலாகில் வைத்துக்கொள்கிறது. படத்துக்கும் எழுது என்று ஓர் அமைப்பு இருக்கிறது, நாம்தான் போய் இயக்க வேண்டும். இயக்கினால் ஜேபெக் என்றால் படத்துக்குள்ளேயே எழுதும், ரா என்றால் பக்கத்தில் எக்ஸ்எம்பி என்று ஒரு துணைக் கோப்பு வைக்கும். கலெக்‌ஷன் என்று நாம் கட்டி வைத்த தொகுப்புகள் அப்போதும் வெளியே வராது. ஆகவே முக்கியமான தொகுப்புக்கு ஒரு குறிச்சொல்லும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

டிஜிகாம் இலவசம். முகம் கண்டுபிடிக்கும், வரைபடத்தில் காட்டும், விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். அதற்கும் தனித் தரவுத்தளம் உண்டு. ஆனால் படத்துக்குள் என்னென்ன எழுத வேண்டும் என்று அமைப்புகளில் டிக் செய்தால் எழுதிவிடும். நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். கொஞ்சம் மெதுவாக நகரும், நானும் மெதுவாகத்தான் நகர்கிறேன்.

டார்க்டேபிளும் இலவசம், ரா திருத்த அருமையானது. ஆனால் அது வைக்கும் துணைக் கோப்பில் படத்தின் பின்னொட்டோடு சேர்த்து எக்ஸ்எம்பி வரும். லைட்ரூம் அந்தப் பின்னொட்டை எடுத்துவிட்டு வைக்கும். இரண்டையும் கலந்து ஓட்டினால் ஒரே படத்துக்கு இரண்டு துணைக் கோப்பு நிற்கும். ஒன்றில் நீங்கள் செய்த வெளிச்சத் திருத்தம் இன்னொன்றில் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறிச்சொல்லும் நட்சத்திரமும் பெரும்பாலும் வந்துவிடும்.

கூகுள் ஃபோட்டோஸை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு: 2021 ஜூன் 1-இலிருந்து ஏற்றுவதெல்லாம் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கிறது. டேக்அவுட் என்ற கூகுள் வசதி வழியாக மொத்தமாக இறக்கினால், அங்கே நீங்கள் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்துக்குள் வராது, பக்கத்தில் ஜேசன் என்ற எழுத்துக் கோப்பாக வரும். குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எக்ஸிஃப்டூல் என்ற கருவியால் அதைப் படத்துக்குள் ஏற்றலாம். கட்டளை தட்டத் தெரிய வேண்டும்.

டிஸ்க் இரண்டு வேண்டும். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. என்னுடையது ஒன்று திருச்சியில் மகள் வீட்டுப் பீரோவில் இருக்கிறது.

கோடிக்கரைப் பூநாரை

வங்கி சார் சொன்னதில் பாதி சரி. ஒரே மென்பொருளில் அடுக்கலும் திருத்தலும் முடிந்துவிடும் என்று நினைத்தால் பறவைக்காரன் செத்தான்.

மார்கழி, தை மாதங்களில் கோடியக்கரைச் சதுப்பில் பூநாரைக் கூட்டம் எழும்பினால் விரலை எடுக்காமல் அழுத்துவோம். வீட்டுக்கு வந்தால் மெமரி கார்டு நிறைய ஏறக்குறைய ஒரே மாதிரியான ரா கோப்புகள். கூட வந்த நண்பர் லைட்ரூமில் ஏற்றிவிட்டு முன்தோற்றம் உருவாகக் காத்திருந்தார். நான் ஃபோட்டோ மெக்கானிக்கில் திறந்தேன். ரா கோப்புக்குள் கேமராவே ஒரு ஜேபெக்கை ஒளித்து வைத்திருக்கும், அதை அப்படியே எடுத்துக் காட்டுவதால் அம்புக்குறியை அழுத்திய வேகத்துக்குப் படம் மாறும். பத்திரிகைப் படக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டு இருப்பது இதற்காகத்தான்.

மறக்க முடியாதது, ஒரு பறவை தண்ணீரை விட்டு எழும்பும் படம். கால் நுனியிலிருந்து சொட்டு பிரிந்திருக்கிறது, இறக்கையின் கறுப்பு முழுதாய் விரிந்திருக்கிறது. முந்தைய படத்தில் சொட்டு பிரியவில்லை, அடுத்ததில் கழுத்து மடங்கிவிட்டது. அதை நான் கண்டெடுத்துத் திரும்பியபோது நண்பரின் லைட்ரூம் இன்னும் முன்தோற்றம் செய்துகொண்டிருந்தது. “நிறுத்துடா, எனக்கும் அதிலேயே போடு” என்றார்.

ஃபோட்டோ மெக்கானிக் இலவசம் இல்லை. திருத்தவும் பெரிதாக உதவாது, பொறுக்கத்தான். பொறுக்கியதை மட்டும் டார்க்டேபிளுக்கு அனுப்புகிறேன். உப்பளப் பக்கம் வெயில் ஏறினால் வரும் மங்கலை எடுக்க அதில் தனிப் பகுதியே இருக்கிறது. காசு கொடுக்க மனமில்லாதவர்கள் பொறுக்குவதற்கு ஃபாஸ்ட்ஸ்டோன் பாருங்கள், வீட்டு உபயோகத்துக்கு இலவசம்.

கூறைநாட்டு மருமகள்

எல்லோரும் கேமரா படத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் மாமனார் மயிலாடுதுறையில் ஸ்டுடியோ வைத்திருந்தார். அவர் எடுத்த நெகட்டிவ்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன்.

ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாள்தான் தேதி. ஐப்பசிக் கடைமுக நீராடலுக்குத் துலாக் கட்டத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் போன ஞாயிற்றுக்கிழமைப் படங்களோடு வந்து நிற்கிறது. டிஜிகாமில் மொத்தமாகத் தேதி மாற்ற வசதி உண்டு. வருடம் மட்டும்தான் தெரியும் என்றாலும் மாதமும் நாளும் கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே ஜனவரி 1 என்று போட்டு, ‘தேதி உத்தேசம்’ என்று குறிச்சொல்லும் போடுகிறேன்.

முகம் தேடச் சொன்ன அன்று நடந்தது இது. என் மகள் பெயரைச் சில படங்களில் உறுதி செய்தேன். உடனே ஒரு பழைய நெகட்டிவைக் காட்டி, இதுவும் அவள்தானா என்று கேட்டது. இரட்டைப் பின்னல், தாவணி, பின்னால் ஸ்டுடியோவின் துணித் திரையில் வரைந்த மாடிப்படி. என் மாமியார், பெண் பார்க்க அனுப்புவதற்காக எடுத்துக்கொண்ட படம். மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மூக்கு எங்க வீட்டு மூக்கு, மிஷின் சரியாத்தான் சொல்லுது. இல்லைன்னு போடாதே” என்றார். அவர் பெயரைத்தான் போட்டேன். அவருக்கு அதில் லேசாக வருத்தம்.

இன்னொரு தொல்லை. மாமனார் கடைசிக் காலத்தில் கணினியில் தலைப்புகள் தட்டி வைத்திருந்தார், எல்லாம் பாமினி எழுத்துருவில். யூனிகோடில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. எழுத்துரு மாற்றியில் போட்டு ஒவ்வொன்றாக எடுக்கிறேன். நல்ல வேளை, அவை தனிக் கோப்பில் இருந்தன. படத்துக்குள் ஐபிடிசி என்ற பழைய முறையில் எழுதியிருந்த தலைப்புகளில் சிலவற்றில் வெறும் கேள்விக்குறிதான் மிச்சம், அதை எந்த மாற்றியும் மீட்காது. தமிழில் எழுதுவதென்றால் எக்ஸ்எம்பியில் எழுதுகிறதா என்று பாருங்கள்.

வெண்ணாறு

வங்கி சார், டிஸ்க் இரண்டு, துணைக் கோப்பு, ஜேசன் எல்லாம் சரி. கல்யாண வீட்டார் கேட்பது ஒன்றுதான்: “ஆல்பம் எப்ப?” ஒரு முகூர்த்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறிச்சொல் போட எனக்கு யார் இருக்கிறார்கள்? தேதி, ஊர், மாப்பிள்ளை பெயர் மூன்றும் ஃபோல்டர் பெயரில் இருக்கிறது. எந்த மென்பொருள் செத்தாலும் ஃபோல்டர் பெயர் நிற்கும். அதோடு விட்டேன். சந்தாவை இப்போது வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுகிறேன்.

பேராவூரணித் தென்னை

வெண்ணாற்றுத் தம்பி சொல்வது தோப்புக்காரனுக்கும் பொருந்தும்.

கல்லணைக் கால்வாய் சாருக்கு: எக்ஸிஃப்டூலைத் தம்பி மகளை வைத்து ஓட்டிப் பார்த்தேன். வாட்ஸ்அப் படத்தின் கோப்புப் பெயரிலேயே தேதி இருக்கிறதே, அதை எடுத்துப் படத்துக்குள் எழுதச் சொல்லலாம் என்றாள். ஒரே கட்டளையில் மொத்த ஃபோல்டரும் மாறியது. பார்த்தால் கஜாவில் விழுந்த மரம் எல்லாம் டிசம்பரில் விழுந்ததாக நிற்கிறது. அந்தப் பெயரில் இருப்பது படம் நம்மிடம் வந்த தேதி, எடுத்த தேதி இல்லை. நகலில்தான் ஓட்டினோம், அதனால் நஷ்டமில்லை. அந்த ஃபோல்டருக்கு இப்போது ‘வாட்ஸ்அப், தேதியை நம்பாதே’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.