அனுபவப் பகிர்வு: வெறும் ரத்தசோகை என்று நினைத்தோம், எம்டிஎஸ் (மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகாத நோய்) என்றார்கள்

கோத்தகிரிக்காரன்:
பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு 62 படி. அப்பாவுக்கு 71 வயது, மூட்டையோடு ஏறுகிறவர். போன ஐப்பசியில் கையில் ஒரு கிலோ கேரட்தான், மூன்று இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாவது தடவை, "நீ முன்னால போ, பனி எறங்குது" என்றார். உதடு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அதற்குள் 5 மாதம் இரும்புச்சத்து மாத்திரை தின்றாயிற்று. ஹீமோகுளோபின் 7.1. கோவையில் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுக்கும் முன்பே டாக்டர் கேட்டார்: "எப்பவாவது கீமோ எடுத்தாரா?" எடுத்தார், 8 வருஷம் முன்பு, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு. மாத்திரை எழுதியவரிடம் அதை நாங்கள் சொல்லவே இல்லை.

கூடலூர் வாசி:
எங்கள் பக்கம் சோகை என்றாலே பரம்பரையாக வரும் சிக்கிள் செல் நோய்தான் ஞாபகம் வரும். பெரியப்பாவுக்கு அந்த டெஸ்டில் இல்லை என்றதும் நிம்மதியாகத் திரும்பிவிட்டோம். அடிபடாமலே முழங்கையில் நீலத்திட்டு இருந்ததை யாரும் கேட்கவில்லை, நாங்களும் காட்டவில்லை. 20 வருஷம் தேயிலைக்கு மருந்தடித்தவர். எம்டிஎஸ் வர வேறென்ன காரணம் இருக்கப்போகிறது?

கொடைப்பூண்டு:
அப்படி முடிவு கட்டாதீங்க. பூச்சிமருந்துக்குத் தொடர்பு உண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, அவ்வளவுதான். உறுதியாகத் தெரிந்தவை வயது, முன்பு எடுத்த கீமோ, கதிர்வீச்சு, பென்சீன் என்ற ரசாயனம். புகையும் சேரும். பெரியப்பா பீடி பிடிப்பாரா, சொல்லவே இல்லையே? கோத்தகிரிக்காரர் சொன்ன 8 வருஷம் கச்சிதமாகப் பொருந்துகிறது. சில வகைக் கீமோவுக்குப் பிறகு 5 முதல் 10 வருஷத்தில் வருவது தெரிந்த சங்கதி. அதற்காகக் கீமோ எடுத்த எல்லாரும் பயப்பட வேண்டாம், மிகச் சிலருக்குத்தான் வரும். அமெரிக்கக் கணக்கில் மொத்த மக்களில் எம்டிஎஸ் புதிதாக வருவது ஆண்டுக்கு லட்சம் பேரில் 4, 5 பேருக்கு. 70 தாண்டியவர்களில் லட்சத்துக்கு 20க்கும் மேல். அப்புறம், ரத்தப் பரிசோதனைத் தாளில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 100க்கு மேலே இருந்தால் இரும்பு மாத்திரையை மட்டும் நம்பி உட்காராதீங்க. பி12, ஃபோலேட், தைராய்டு பாருங்க, குடிப்பழக்கத்தையும் மறைக்காதீங்க. ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் வெள்ளணுவும் சேர்ந்து குறைந்தால் ரத்தநோய் டாக்டரிடம் போங்க. என் கதை சின்னது: மாமாவுக்கு இருக்கிறது, ரத்தம் ஏற்ற மாதம் இரண்டு தடவை மலையிறங்குகிறோம்.

கூடலூர் வாசி:
பீடி உண்டு. தினம் ஒரு கட்டு. கேட்டதற்காகச் சொல்கிறேன், ஒத்துக்கொண்டதாக நினைக்காதீங்க.

கோத்தகிரிக்காரன்:
அந்தக் கீமோ ஃபைல் பரணில், பழைய காலண்டர்களுக்கு அடியில் கிடந்தது. மருந்துப் பேரெல்லாம் அதில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள்.