மறு: ‘சேனல்’ – ஒரே சொல்லைத்தான் தேட வேண்டுமா?

அனைவருக்கும் வணக்கம்.

மென்பொருள்களில் வரும் ‘சேனல்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதலாம் என்ற கேள்விக்கு அலைவரிசை, தடம், ஓடை, கால்வாய், வாய்க்கால் என்று ஐந்து சொல் வந்துவிட்டன. எந்தச் சேனலுக்கு என்றுதான் இன்னும் யாரும் கேட்கவில்லை. மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். செய்தி பரப்பும் சேனல், பேசிக்கொள்ளும் சேனல், படத்தின் நிறச் சேனல், நிரலுக்குள் தரவு கைமாறும் சேனல் எல்லாம் ஒரே பட்டியலில் கிடக்கின்றன.

> கால்வாய் என்றே வைத்துவிடலாம். ஆங்கிலக் கால்வாய் என்று பள்ளியிலேயே படித்தோமே.

படித்தோம், சரி. ஆனால் அது யாரும் வெட்டியது இல்லை, இரண்டு கரைக்கு நடுவே கிடக்கும் கடல். கோடியக்கரைக்கும் இலங்கைக்கும் நடுவில் கிடக்கும் கடலை நாம் பாக் நீரிணை என்கிறோம். சூயஸ் வெட்டியது, 1869இல் திறந்தார்கள், அதுவும் கால்வாய். ஆங்கிலத்தில் சேனலும் கெனாலும் ஒரே இலத்தீன் வேரில் கிளைத்து, பொருளில் பிரிந்தவை. பாடநூல் தமிழ் அவற்றைத் திரும்ப ஒட்டவைத்துவிட்டது. கல்லணைக் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டியது. தஞ்சாவூர்க்காரர்களிடம் கேட்டால் ‘புது ஆறு’ என்பார்கள். கால்வாய் என்பது அரசுப் பலகையில் இருக்கும் பெயர். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால்தான்.

> அலைவரிசை ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஏன் மாற்ற வேண்டும்?

தொலைக்காட்சிக்கு மாற்ற வேண்டாம். வானொலியில் அந்தச் சொல்லுக்குப் பொருளும் சரியாகவே இருந்தது. திருச்சி நிலையம் வேண்டுமென்றால் மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸில் முள்ளை நிறுத்த வேண்டும். (அந்த நிலையம் ஊர் ஊராகப் பரப்பியதால்தான் 1960களில் ஆடுதுறை 27 நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது.) 2015இல் டெலிகிராமும் 2023இல் வாட்ஸ்அப்பும் கொண்டுவந்த சேனல்களில் பயனர் எந்த அலையைத் தேடிப் பிடிக்கிறார்?

ஓடை வேண்டாம், இணையதளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ்ஸுக்குச் செய்தியோடை என்று கொடுத்தாகிவிட்டது. தடம், ட்ராக்குக்குப் போய்விட்டது.

செய்தி பரப்பும் சேனலுக்கு நான் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டிருப்பதில் ஊர்ப்பாசம் கொஞ்சம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொருளும் பொருந்துகிறது. வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் ஒருவர் திறந்துவிடுகிறார், கீழே இருப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள், கீழிருந்து மேலே எதுவும் ஏறாது. அதோடு வினைச்சொற்களும் கூடவே வருகின்றன. திறக்கலாம், அடைக்கலாம். ஒன்றில் வருவதை இன்னொன்றுக்குத் திருப்பினால் மடைமாற்றம். நிதியை மடைமாற்றியதாகச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. ரீடைரக்டுக்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை. பழைய செய்திகளை மொத்தமாக நீக்கும் பொத்தானுக்குத் தூர்வாருதல். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஜூன் 12க்கு மேட்டூர் திறக்குமா, அதற்குள் தூர்வாரி முடிப்பார்களா என்று வருஷா வருஷம் பேசும் ஊரில் இதற்கு உதவிக்குறிப்பே தேவைப்படாது. சேனலுக்குள் சேனல் என்றால் கிளை வாய்க்கால். இங்கே ஏ வாய்க்கால், அதில் பிரிவது பி, அப்புறம் சி, டி என்று அரசுக் கணக்கே படிப்படியாகத்தான் இருக்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலத்துக்கு விலாசம் எழுதும் முறையையும் பாருங்கள்: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாம் கண்ணாற்று மூன்றாம் சதிரம். வதி என்பது வழி, கண்ணாறு சிறு வாய்க்கால், சதிரம் சதுரமான வயல் துண்டு. வதிக்கும் வாய்க்காலுக்கும் பெயர், கண்ணாற்றுக்கு எண், சதிரத்துக்கு இன்னொரு எண். எந்த நிரலருக்கும் சட்டென்று புரியும். அதற்காகச் சேனல் எண்ணைக் கண்ணாறு என்று எழுதச் சொல்லும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

> சேனல் கெப்பாசிட்டி = வாய்க்கால் கொள்ளளவு

இதை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டாம். கொள்ளளவு என்பது தேங்கி நிற்பதன் கணக்கு. மேட்டூர் 120 அடிக்கு நிரம்பினால் 93.47 டிஎம்சி, அது கொள்ளளவு. அணையிலிருந்து விடுவது விநாடிக்கு இத்தனை கன அடி. டீக்கடையில் பேப்பர் புரட்டுகிற எந்த விவசாயியும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய ஷானன் 1948இல் வரையறுத்தது, இரைச்சல் உள்ள ஒரு சேனலில் விநாடிக்கு அதிகபட்சம் எத்தனை பிட்டுகளை நம்பகமாக அனுப்ப முடியும் என்பதை. இது கன அடிக் கணக்கு. ஆகவே ‘கடத்துதிறன்’ என்று இருக்கட்டும்.

ஆனால் நிரலுக்குள் தரவு கைமாறும் சேனல், அதாவது கோ (Go) என்ற நிரல்மொழியின் சேனல், அப்படி இல்லை. உருவாக்கும்போது ஓர் எண் கொடுத்தால், அத்தனை தரவுகள் வாங்குபவர் வரும்வரை உள்ளே காத்திருக்கும். அங்கே டிஎம்சிக் கணக்கு. கொள்ளளவு என்ற சொல் கச்சிதம். எண் கொடுக்காவிட்டால் கொள்ளளவு சுழியம். வாங்குபவர் தயாராகும்வரை அனுப்புபவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஆங்கில ஆவணத்தில் இரண்டுக்கும் கெப்பாசிட்டிதான். இந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் தவறாகிவிடும்.

வாய்க்கால் ஒட்டாத இடங்களும் உண்டு. இணைய அரட்டைக்கான ஐஆர்சி 1988இல் வந்தபோது எல்லோரும் கூடிப் பேசும் இடத்துக்குச் சேனல் என்று பெயர் வைத்தார்கள், அதுவே இன்றைய அலுவலகச் செயலிகள் வரை தொடர்கிறது. அங்கே மேல் கீழ் கிடையாது, யாரும் யாருக்கும் பதில் சொல்லலாம். அதற்கு அரங்கு என்று எழுதுவோம். அறை என்றால் நான்கு பேர் உட்காரும் இடம்போல இருக்கிறது. நிறச் சேனலில் எதுவும் ஓடுவதே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்ற எண்கள், வழக்கமாக 0 முதல் 255 வரை. நிறக்கூறு போதும். விண்ணப்பப் படிவத்தில் ‘த்ரூ ப்ராப்பர் சேனல்’ என்று ஒரு வரி வருகிறது, அது ‘உரிய வழியாக’. அரசு அலுவலகங்களில் எழுதிப் பழகிய தொடர்தான், அதில் கை வைக்க வேண்டாம்.

யூடியூபுக்கு நான் சண்டை போடவில்லை. ‘நம்ம சேனலை சப்ஸ்கிரைப் பண்ணுங்க’ என்று ஊரே சொல்லும்போது உதவிப் பக்கத்தில் சேனல் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

மறுப்பு வராவிட்டால் வாய்க்கால், அரங்கு, நிறக்கூறு மூன்றையும் கோப்பில் ஏற்றிவிடுகிறேன். ஸ்டீரியோவின் இடது, வலது சேனல்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவர்கள் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
திருவாரூரிலிருந்து